வெடித்த யன்னலும் ஒரு பிள்ளை மேல் விழுந்த பழியும்



எங்கள் பாடசாலை வாசிப்பு அறையின் யன்னல்களை மாற்றியது பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். மல்லாவிச் சந்தையில் நின்றாலும் கேள்வி, பஸ்ஸில் ஏறினாலும் கேள்வி. "எங்கட கடையிலயும் அதே பிளாஸ்டிக் கண்ணாடிதான். அதுவும் வெடிச்சுப் போச்சு. நீங்க என்ன செய்தனீங்க?" என்று. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து யோசித்தோம். நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் விசயத்தைச் சொல்லி விடுகிறோம். அந்த அறையில் ஆறு யன்னல்கள். திறந்து மூடுகிறவை இல்லை. வெளிச்சத்துக்காகச் சுவரில் நிரந்தரமாகப் பூட்டியவை. ஒவ்வொன்றும் நாலடி அகலம், மூன்றடி உயரம். முன்பு சாதாரணக் கண்ணாடி இருந்து உடைந்ததால், பிள்ளைகளுக்குக் காயம் வரக்கூடாது என்று பேர்ஸ்பெக்ஸ் தகடு போட்டார்கள். இரும்புச் சட்டத்தில் வைத்து, சுற்றிவர ஸ்குரூ ஆணி அடித்து, நன்றாக இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். இரண்டு வருடம் போகவில்லை, ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின.

கச்சான் காற்று வீசுகிற காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், மேற்குப் பக்க யன்னலில் ஒரு மூலை கழன்று கீழே கிடந்தது. முதல் வெள்ளி பின்னேரம் அந்தப் பக்கம் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடியிருக்கிறார்கள். அடித்த பந்து ஒன்று அந்தப் பக்கம் போனதை ஒருவர் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். தரம் 9 படிக்கிற ஒரு பிள்ளையின் தலையில் பழி விழுந்தது. அவனுடைய தகப்பன் கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கடன் வாங்கிக் கொண்டுவந்து பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். பிள்ளை அதற்குப் பிறகு வாசிப்பு அறைப் பக்கம் வரவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டாலும் வரவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கருத்து. யன்னலைக் கல் வைத்துக் கட்டி மூடிவிடுவோம் என்று ஒரு பக்கம். இன்னும் விலை கூடின தகடு வாங்குவோம் என்று மறுபக்கம். மூடினால் பகலிலேயே லைற் போட வேண்டும், கரண்ட் போனால் அறை இருட்டு. விலை கூடினது வாங்கினாலும் அதுவும் வெடிக்காது என்று யார் உத்தரவாதம் தருவது?

இந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தாங்கி பூட்ட வந்த ஒரு தம்பி அந்த யன்னலைப் பார்த்தார். அவர் சில வருடம் திருகோணமலையில், வெளிநாட்டில் இருந்து வருகிற பாய்மரப் படகுகளைத் திருத்துகிற வேலையில் நின்றவர். உடைந்த தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "சேர், பந்து பட்ட இடம் எங்க?"

யாரும் அதைத் தேடிப் பார்த்திருக்கவில்லை.

அவர் விளக்கினார். ஒரு தகட்டில் பந்தோ கல்லோ பட்டு வெடித்தால், பட்ட இடத்தில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியில் இருந்து நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் வெடிப்பு ஓடும். இந்தத் தகட்டில் அப்படி எதுவும் இல்லை. வெடிப்பு ஆணித் துளையில் தொடங்கி நேரே ஓரத்துக்கு ஓடியிருந்தது. "இது அடிச்சு உடைஞ்சது இல்ல. தானா வெடிச்சது. படகில இப்படி எத்தனையோ பார்த்திருக்கன்" என்றார்.

பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆறு யன்னலையும் எண்ணினோம். மொத்தம் பதினான்கு வெடிப்புகள். பதினான்கும் ஏதோ ஒரு ஆணித் துளையில்தான் தொடங்கியிருந்தன. அதில் நான்கு கிழக்குப் பக்கத்தில். அங்கே முள்வேலியும் கிணறும்தான். யாரும் பந்து விளையாட முடியாத இடம்.

ஏன் இப்படி நடக்கிறது? சாதாரண தரப் பிள்ளைகள் படிக்கிற வெப்பவிரிவுதான் விடை. கண்ணாடி ஒரு மீற்றர் நீளம் இருந்தால், ஒரு பாகை செல்சியஸ் சூடு ஏற ஏறக்குறைய 0.009 மில்லிமீற்றர் விரியும். இரும்பு 0.012. பேர்ஸ்பெக்ஸ் 0.07. அதாவது இரும்பை விட ஆறு மடங்கு அளவில். இப்போது எங்கள் யன்னலுக்குக் கணக்குப் போடுங்கள். அகலம் 1.2 மீற்றர். விடியப்புறக் குளிருக்கும் மத்தியான வெயிலில் காய்கிற தகட்டுக்கும் 30 பாகை வித்தியாசம் என்று வைப்போம். தகடு இரண்டரை மில்லிமீற்றர் நீளும். இரும்புச் சட்டம் அரை மில்லிமீற்றர்கூட நீளாது. மிச்சம் இரண்டு மில்லிமீற்றருக்குத் தகடு எங்கே போகும்? ஆணியும் துளையும் ஒரே அளவு, ஓரமும் சட்டத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. பகலில் நசிகிறது, இரவில் இழுபடுகிறது. தினமும் இதே. கடைசியில் துளை ஓரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு. அது ஓடத் தொடங்கினால் நிற்காது.

துளையும் கூரான மூலையும் இருக்கிற இடத்தில்தான் அழுத்தம் குவியும் என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1954ஆம் ஆண்டு பிரித்தானியாவின் கொமெற் ஜெற் விமானங்கள் இரண்டு, மூன்று மாத இடைவெளியில் நடுவானில் சிதறின. விசாரணையில், விமான உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையில் களைப்பு வெடிப்பு தொடங்கியது தெரிய வந்தது. இன்று விமான யன்னல்களின் மூலைகள் எல்லாம் வளைவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பாய்மரப் படகில் இந்தப் பிரச்சினை இன்னும் கடுமை. அங்கும் படுக்கிற அறையின் பக்கச் சுவரில் இதே மாதிரித் திறக்காத யன்னல்கள், பெரும்பாலும் இதே தகடு. மேலே வெயில், கீழே உப்புத் தண்ணீர். அலையில் படகின் உடலே கொஞ்சம் முறுகும். யன்னல் வெடித்து ஒழுகினால் படுக்கை நனைவது மட்டும் இல்லை, சுவருக்குள் இருக்கிற பலகையும் உக்கிப் போகும். நடுக்கடலில் கடைக்குப் போக முடியாது. அதனால்தான் படகுக்காரர் யன்னலை இறுக்கிப் பூட்ட மாட்டார்கள். அசைய இடம் விட்டு, அந்த இடத்தை இளகுகிற பசையால் நிரப்புவார்கள்.

இது எங்கள் வடக்குக்குப் புதிய அறிவும் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடியது. மரப்பலகை தண்ணீரில் ஊறினால் பருக்கும். அதற்கு ஏற்றமாதிரிப் பலகைகளைச் சேர்த்து, இடுக்குகளைப் பஞ்சு வைத்து அடைப்பதுதான் மரக்கலம் கட்டுகிறவர்களின் வழக்கம். சாமான் மாறினாலும் கணக்கு அதேதான்.

"பேர்ஸ்பெக்ஸ் மட்டமான சாமான்" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு விசயம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானங்களின் மேல்மூடி இதனால் செய்தது. சுடப்பட்ட விமானிகளின் கண்ணுக்குள் போன பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் கண்ணைப் பழுதாக்காமல் அப்படியே கிடந்ததைக் கண் வைத்தியர் ஹரோல்ட் றிட்லி கவனித்தார். 1949 நவம்பரில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அதே வகைப் பொருளில் செய்த வில்லையை மனிதக் கண்ணில் வைத்தார். இன்று எங்கள் உம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் வெண்புரை எடுத்து வில்லை வைக்கிறார்களே, அதன் தொடக்கம் அதுதான். சாமானில் குறை இல்லை. பூட்டின முறையில்தான் இருக்கிறது.

இனி நாங்கள் செய்த வேலை.

புதிய தகடு வாங்கும்போது வார்ப்புத் தகடு என்று கேட்டு வாங்கினோம், 5 மில்லிமீற்றர் தடிப்பு. உருட்டித் தள்ளி எடுக்கிற தகடு விலை குறைவு, ஆனால் உள்ளே இழுவிசை கூட, வெடிக்கவும் லேசு. பொலிகாபனேற் பற்றியும் கேட்டோம். அடிக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் லேசாகக் கீறும், மேல்பூச்சு இல்லாதது வெயிலில் மஞ்சளாகும். எங்களுக்குத் தேவை பல வருட வெளிச்சம்.

தகட்டைச் சட்டத்தின் உள்ளளவை விட ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் குறைத்து வெட்டினோம். வெட்டின ஓரத்தை அரத்தாலும் பிறகு மண்தாளாலும் தேய்த்தோம். வாள் விட்ட பல்லடையாளம் ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு வெடிப்பின் தொடக்கம் என்றார் தம்பி. நாலு மூலையையும் கொஞ்சம் வளைவாக்கினோம். தகட்டில் ஒட்டியிருந்த கடதாசியைக் கழற்றவே இல்லை. ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு உரித்தோம்.

துளை போடுவதுதான் கவனமான வேலை. இரும்புக்குப் பாவிக்கிற கூரான பிற் தகட்டைக் கவ்வி இழுத்து உடைத்துவிடும். அதன் வெட்டு விளிம்பைத் தேய்த்துக் கொஞ்சம் மழுங்கலாக்கினார். தகட்டின் கீழே பலகை வைத்து, மெதுவாக, அமத்தாமல். 4 மில்லிமீற்றர் ஆணிக்கு 7 மில்லிமீற்றர் துளை. ஓரத்தில் இருந்து துளைக்கு நல்ல தூரம் விட்டோம். தலை உள்ளே இறங்குகிற கூம்பு ஆணியை விட்டுவிட்டு, தட்டைத் தலை ஆணியும் அகலமான ரப்பர் வொஷரும் போட்டோம். கூம்புத் தலை ஆப்பு மாதிரித் துளையைப் பிளக்கும்.

சட்டத்தில் இருந்த பழைய சிலிக்கனை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்தோம். பழைய சிலிக்கன் மேல் புதியது ஒட்டாது. தரம் 10 பிள்ளைகளுக்கு அரைநாள் அந்த வேலைதான். புதிய சிலிக்கன் வாங்கும்போது வினாகிரி மணம் வராத வகையைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில் 2 மில்லிமீற்றர் ரப்பர்த் துண்டுகளை அங்கங்கே வைத்து, பசை விட்டு, தகட்டை வைத்து, ஆணியை விரலால் மட்டும் பூட்டினோம். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை துருதுருக்கும். இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, தகடு இரும்பில் முட்டிவிடும். ஒரு கிழமை காய விட்டு, பிறகு கால் சுற்று. அவ்வளவுதான்.

துடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வெட்டுத்துண்டை வளைத்துப் பிடித்துத் தின்னர் துணியால் துடைத்துக் காட்டினார் தம்பி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயிரிழை வெடிப்புகள் ஓடின. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். தின்னர், பெற்றோல், ஸ்பிரிற், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் கிட்டக் கொண்டுவரக் கூடாது. சவர்க்காரத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும்.

உடனே மாற்றப் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு தற்காலிக வழி. வெடிப்பு முடிகிற நுனியில் சின்னத் துளை ஒன்று போட்டால் அது மேலே ஓடுவது பெரும்பாலும் நிற்கும். கொஞ்ச மாதம் தள்ளலாம். நிரந்தர மருந்து இல்லை.

இப்போது ஒரு வெயில் காலமும் ஒரு மாரியும் கடந்துவிட்டது. கார்த்திகை மழையில் ஒரு புத்தகம் நனையவில்லை. ஒவ்வொரு தவணை தொடக்கத்திலும் பிள்ளைகள் ஆறு யன்னலிலும் எல்லாத் துளைகளையும் பார்த்து, திகதி போட்டுக் கொப்பியில் எழுதுகிறார்கள். இதுவரை வெடிப்பு இல்லை.

அந்தப் பிள்ளையின் விசயம். பதினான்கு வெடிப்புகளையும் வரைந்த கடதாசியைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்தோம். தம்பியும் வந்து உடைந்த தகட்டைக் காட்டி விளக்கினார். தகப்பனிடம் வாங்கின பணத்தை எல்லோருக்கும் முன்னால் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானம் எடுத்து, அன்றே கொடுக்கப்பட்டது. மகன் உடைக்கவில்லை என்று கூட்டக் குறிப்பிலும் எழுதப்பட்டது. தகப்பன் அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை யன்னல் வேலைக்கு மகனையும் அனுப்பினார். கிழக்குப் பக்கத் தகட்டில் உள்ள துளைகள் அவன் போட்டவை.

உறவுகளே, இந்தத் தகடு எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிறது. பள்ளிவாசல், கோயில் மண்டபம், முன்பள்ளி, கடை முகப்பு, ஓட்டோவின் பக்கத் திரை. வெடித்திருந்தால் முதலில் வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். துளையில் தொடங்கினால் பூட்டினதைச் சரிசெய்யுங்கள். அதைப் பார்க்காமல் பக்கத்தில் விளையாடின பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

மழுங்கலாக்கின பிற்றுகளும் துளை அளவு வரைந்த மட்டையும் பாடசாலையில் இருக்கிறது. தேவையானவர்கள் பாடசாலை நேரத்தில் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். மூன்று நாளில் திருப்பித் தந்தால் போதும்.