விரலுக்கேத்த வீக்கம்: நம்ம கோவில் டிராக்டருக்கு எந்தச் சிப்பர்?

 

நம்ம கோவிலுக்கு ஒரு குடும்பம் சின்ன டிராக்டர் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்திருக்காங்க. பெயர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால் போடலை. இப்போ அதோட பின்னால மாட்டுற சிப்பர், அதாவது மரக்கிளையைச் செதிலாக்குற மெஷின் வாங்கணும்னு பேச்சு நடக்குது. "வாங்குறதே வாங்குறோம், 6 அங்குல வாய் உள்ளதா வாங்கிடலாமே"ன்னு பல பேர் வாட்சப்பில் கேட்டிருக்கீங்க. எங்க தொண்டர் குழுவில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மெஷினோடு மல்லுக்கட்டுறவங்க. அதனால எங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுறோம்.

முதல்ல, எதுக்கு இந்த மெஷின்? பினாங்கில் ஒரு மழை காத்தோட அடிச்சா மாமரம், அங்சானா எல்லாம் கிளையைப் போட்டுடும். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் லோரி பிடிச்சு அனுப்பினா உண்டியல் பணம்தான் கரையும். அரைச்சு நந்தவனத்துல போட்டா மண்ணுக்கே உரம்.

இப்போ கணக்குக்கு வருவோம். டிராக்டர் மேல எழுதியிருக்கிற குதிரைத்திறன் இன்ஜினோடது. சிப்பருக்குப் போறது பின்னால இருக்கிற பி.டி.ஓ. தண்டு வழியா. நடுவுல கியர், ஹைட்ராலிக் பம்பு எல்லாம் தன் பங்கை எடுத்துக்கும். உதாரணத்துக்கு, குபோட்டா பி.எக்ஸ். 2380 டிராக்டருக்கு இன்ஜின் 21.6 குதிரைத்திறன், பி.டி.ஓ.வில் கிடைப்பது 17.7 மட்டும். ஏறக்குறைய 4 குதிரை வழியிலேயே நின்னுடுது! அதனால் கடைக்காரர் "20 குதிரைத்திறன் போதும்"னு சொன்னா, "இன்ஜின்லயா, பி.டி.ஓ.விலயா?"ன்னு திருப்பிக் கேக்கணும்.

அடுத்தது வாயோட அளவு. 4 அங்குலத்துக்கும் 6 அங்குலத்துக்கும் வித்தியாசம் ரெண்டே அங்குலம்தானேன்னு தோணும். கத்தி வெட்டுறது விட்டத்தை இல்லை, பரப்பை. 4 அங்குலக் கிளைக்கு வெட்டுமுகம் 12.6 சதுர அங்குலம்; 6 அங்குலத்துக்கு 28.3. ரெண்டே கால் மடங்கு வேலை! காய்ஞ்ச கட்டைன்னா இன்னும் கஷ்டம்.

"உள்ள கனமான சக்கரம் சுத்துதே, அது இழுத்துக்காதா?"ன்னு ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சக்கரம் சக்தியைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. வேகம் 100லிருந்து 80க்கு இறங்கினா, அதுல இருக்கிற சக்தி 64 ஆயிடும். அதைத் திரும்ப ஏத்துறது இன்ஜின்தான். சக்தி பத்தலைன்னா கிளை நடுவுல மாட்டும், மெஷின் நிக்கும், யாராவது அவசரத்துல கையால இழுக்கப் போவாங்க.

நாங்க பயப்படுறது இதுக்குத்தான். பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, வினாடிக்கு 9 சுற்று. நம்ம கோவில்ல எல்லாரும் வேட்டி, துண்டு, சேலை, கழுத்துல மாலை. ஒரு நூல் மாட்டினாலும் கையை எடுக்க நேரம் இருக்காது. அதனால் தண்டுக்கு மூடி இல்லாம மெஷின் ஓடக் கூடாது. வேட்டியோட யாரும் பக்கத்துல வரக் கூடாது. அடைச்சுக்கிட்டா முதல்ல இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, சக்கரம் முழுசா நின்ன பிறகுதான் திறக்கணும்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது? கிளை போடலாம். வாழைத்தண்டும் பச்சைத் தென்னை மட்டையும் நார் நாராச் சுத்திக்கும். அதை அரிவாளால் வெட்டி உரக்குழிக்கு அனுப்பலாம். பூமாலையில நூலும் கம்பியும் இருக்கும், வேண்டவே வேண்டாம். தைப்பூசத்துல வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை போற வழியெல்லாம் குவியுற சிதறு தேங்காய் ஓட்டையும் இதுல அரைக்கலாமான்னு கேட்டாங்க. கிளைக்குச் செஞ்ச கத்தி அதுல சீக்கிரம் மழுங்கிடும். மழுங்கின கத்திக்கு இன்னும் அதிகச் சக்தி வேணும்.

எங்க கருத்து: 4 அங்குல மெஷினே போதும். அது கேக்கிற குறைந்தபட்சச் சக்தி, நம்ம டிராக்டரோட பி.டி.ஓ. அளவுக்குக் கொஞ்சம் கீழே இருக்கணும். மெஷினோட எடையை டிராக்டரின் பின் கைகள் தூக்குமான்னும் பார்க்கணும். அதைவிடத் தடிமனான கட்டையை ரம்பத்தால் அறுத்துக்கலாம். மாங்கட்டை காய்ஞ்சா ஹோமத்துக்கே ஆகும்.

விரலுக்கேத்த வீக்கம்னு பெரியவங்க சும்மா சொல்லலை. பெரிய மெஷின் வாங்கி ஸ்டோர்ல துருப்பிடிக்க விட்டா, பத்து வெள்ளி உண்டியல்ல போட்ட அந்தப் பாட்டிக்கு நாம என்ன பதில் சொல்றது? சின்னதா இருந்தாலும் வாராவாரம் ஓடுற மெஷின்தான் காணிக்கைக்கு மரியாதை.

ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் டிராக்டரோட கையேட்டை மேசை மேல வைக்கிறோம். வந்து பாருங்க, கேள்வி இருந்தா கேளுங்க. எல்லாரும் பேசி முடிவெடுப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏