அப்பா வழி

1866-இல் பாரிஸில் பால் ப்ரோக்கா என்ற அறுவை மருத்துவர் தன் மனைவியின் குடும்பத்தைப் பற்றி எழுதி வைத்தார். நான்கு தலைமுறைகளில் யார் யாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்ற கணக்கு. மூளையில் பேச்சுக்கான பகுதியை அடையாளம் கண்டவரும் அவர்தான். குடும்பங்கள் பேசாமல் விடுவதை அவர் எழுதி வைத்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

எங்கள் வீட்டில் அப்படி எழுத யாரும் இல்லை. அப்பாயிக்கு "வயித்துல கட்டி". பெரிய அத்தைக்கு "உடம்பு முடியாமப் போச்சு". அவ்வளவுதான் தகவல். பெரிய அத்தை இறந்தபோது எனக்கு ஆறு வயது. அது மார்பகப் புற்றுநோய் என்பதே, பதினொரு வருடம் முன்பு சின்ன அத்தைக்கும் அதே நோய் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது சின்ன அத்தைக்கு 47 வயது. ஆபரேஷன், கீமோ, எல்லாம் முடிந்து இன்று கும்பகோணத்தில் நன்றாக இருக்கிறார்.

எனக்கு இப்போது 31. ஒருமுறை ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். அம்மாவுக்கு உண்டா, அக்கா தங்கைக்கு உண்டா என்று கேட்டிருந்தது. இரண்டுக்கும் "இல்லை". அப்பா வழிக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஆனால் மரபணு, அம்மா அப்பா என்று பார்ப்பதில்லை. இந்த நோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.1 பதினேழாவது குரோமோசோமில் இருக்கிறது, பி.ஆர்.சி.ஏ.2 பதின்மூன்றாவதில். இரண்டுமே செல்லுக்குள் உடைந்துபோகும் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் வேலையைச் செய்பவை. பழுதுபார்க்கும் ஆளே பழுதாகப் பிறந்தால் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. பழுதான பிரதி வைத்திருக்கும் அப்பாவிடமிருந்து அது மகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமலே இருக்கலாம். ஒரு ஆண் வழியாக இறங்கும்போது அது ஒரு தலைமுறை சத்தமில்லாமல் போய்விடுகிறது.

இந்த மரபணுவைத் தேடிப் போனவர் மேரி-கிளேர் கிங். 1970-களில் அவர் தொடங்கியபோது, இவ்வளவு சிக்கலான ஒரு நோயை ஒற்றை மரபணுவில் தேடுவது வீண் வேலை என்றே பலர் நினைத்தார்கள். அவர் கையில் இருந்தவை குடும்பங்கள். 1990-இல் வெளியான ஆய்வில் 23 குடும்பங்கள், 146 நோயாளிகள். மரபணு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் குரோமோசோமில் ஆங்காங்கே அடையாளக் குறிகள் உண்டு, ரோட்டோரத்து மைல்கல் மாதிரி. ஒரு குடும்பத்தில் நோய் வந்த பெண்களிடம் மட்டும் ஒரே மைல்கல் திரும்பத் திரும்ப வந்தால், தேடுகிற வீடு அதற்குப் பக்கத்தில்தான்.

முதலில் ஒன்றும் தெளிவாகவில்லை. குடும்பங்களை நோய் வந்த வயதுப்படி வரிசைப்படுத்தியபோதுதான் விஷயம் பிடிபட்டது. இளம் வயதிலேயே நோய் கண்ட குடும்பங்களில் பதினேழாவது குரோமோசோம் பளிச்சென்று தெரிந்தது. நான்கு வருடம் கழித்து மரபணுவே கைக்கு வந்தது. இதைப் படித்தபோது என்னை உலுக்கியது அந்த ஒரு கேள்விதான்: எத்தனை வயசுல? எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாத கேள்வி அது.

மரபணு ஆலோசகர் சொன்னார், "உங்களுக்கு இப்ப டெஸ்ட் வேணாம். நோய் வந்தவங்களுக்குத்தான் முதல்ல பாக்கணும்." சின்ன அத்தை மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். "இவ்ளோ ஊசி பாத்தாச்சு. இது ஒண்ணு என்னடி."

ரிசல்ட் வந்தது. பி.ஆர்.சி.ஏ.2-இல் ஒரு மாற்றம். பக்கத்திலேயே, "முக்கியத்துவம் உறுதியாகாதது." அதாவது ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா, வெறும் குடும்ப ஜாடையா என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னால் தீங்கற்றவை என்றே முடிவாகின்றன. இதை வைத்து யாரும் ஆபரேஷன் செய்வதில்லை. இதற்காக எனக்கு டெஸ்ட் எடுப்பதிலும் பயனில்லை என்றார் ஆலோசகர்.

"ஏன் தெரியல?" என்று கேட்டேன்.

"உங்களை மாதிரி ஆளுங்களோட டேட்டா கம்மி."

உலகத்தின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அங்கே தெளிவான விடை கிடைக்கும் இடத்தில் நமக்குப் பல நேரம் கேள்விக்குறிதான். இதில் காசுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் மிரியட் நிறுவனம் இந்த மரபணுக்களுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதுவரை லட்சக்கணக்கான பெண்களின் ரத்தத்தில் சேர்த்த விவரங்களைப் பல ஆண்டுகளாக அந்த நிறுவனம் பொதுத் தரவுத்தளங்களோடு பகிராமல் தன்னிடமே வைத்திருந்தது. கம்பெனி லாபத்துக்காக வாயை மூடியது. நாங்கள் மானத்துக்காக மூடினோம். இரண்டுக்கும் நடுவில் அத்தையின் ரிப்போர்ட்டில் ஒரு "உறுதியாகாதது".

குடும்ப வரைபடம் போடச் சொன்னார்கள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் வந்தால் கறுப்பு. அப்பாவின் சதுரம் வெள்ளையாக நடுவில் நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, "எதுக்குடி இதெல்லாம் எழுதி வைக்கிற" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கினார்.

"அம்மாவுக்குப் பத்தொம்பது வயசுல அக்கா பொறந்தா. அக்கா என்னைவிட ஏழு வயசு மூத்தவ. அம்மா போனப்ப நான் எட்டாவது. பதிமூணு." கூட்டினார். கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தார். "நாப்பதுகூட ஆகலைம்மா."

அப்பாயியின் வட்டத்தில் 39 என்று எழுதினார். வயிற்றுக் கட்டி சினைப்பையாகவும் இருந்திருக்கலாம். இனி யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வயது இப்போது எங்களிடம் இருக்கிறது. அதையும் அத்தைகளின் வயதையும் வைத்து, வழக்கமான வயதுக்குக் காத்திருக்காமல் எனக்கு இப்போதிருந்தே வருடாவருடம் பரிசோதனை என்று டாக்டர் முடிவு செய்தார். மரபணு சொல்லாததை ஒரு கூட்டல் கணக்கு சொன்னது.

இன்னொரு வட்டம் மிச்சம் இருக்கிறது. அப்பாயியின் தங்கை மகள், எனக்குத் திருச்சி அத்தை. அவருக்கும் மார்பில் ஆபரேஷன் ஆனது என்று கேள்வி. அதே மாற்றம் அவரிடமும் இருந்தால் அது கெடுதல் என்ற பக்கம் கொஞ்சம் எடை கூடும். இல்லையென்றால் குறையும். ஒரே ஆளை வைத்து முடிவாகாது, ஆனால் இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்துதான் கேள்விக்குறி விடையாகிறது. போன் செய்தேன்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பொண்ணுக்கு வரன் முடிஞ்சிருக்கு. இது மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். கல்யாணம் முடியட்டும். அப்புறம் எவ்ளோ ரத்தம் வேணுமோ எடுத்துக்க."

விஷயம் அந்தப் பெண்ணுக்கும்தான் அத்தை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவர் பயப்படுவது கற்பனைக்கு அல்ல. நின்றுபோன கல்யாணங்களை நானும் பார்த்திருக்கிறேன். "சரி அத்தை, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

கல்யாணம் தையில். போவேன், மொய் எழுதுவேன், வயிறாரச் சாப்பிடுவேன். அடுத்த வாரமே மறுபடியும் போன் செய்வேன்.