அப்பாவின் கிட்டாருக்கு ஒரு புதுக் கழுத்து

போன தீபாவளிக்கு ஸ்டோர் அறையைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டார் வெளியே வந்தது. எண்பதுகளில் கிள்ளான் வட்டாரக் கல்யாணங்களில் வாசித்த ஓர் இசைக்குழுவில் அவர் இருந்தார். பகலில் துறைமுக வேலை, சனிக்கிழமை இரவு மேடை. பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு கொடிகட்டிப் பறந்த காலம். அவர்களைப் போலவே அப்பாவும் முடி வளர்த்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பாட்டி அதைச் சட்டம் போட விடவே இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதத்தில் அப்பாவின் இடது கை விழுந்துவிட்டது. கிட்டாரைப் பார்த்ததும், "ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேக்கணும்பா. நீ வாசி" என்றார். எனக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும்.

ஆனால் குளியலறைச் சுவரை ஒட்டிப் பல வருடம் சாய்ந்து நின்றதில் கிட்டாரின் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. கம்பிகளின் இழுப்பைத் தாங்க மரத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டின் திருகும் தேய்ந்து போயிருந்தது.

கொமுட்டர் ரயிலில் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே ஒரு கடைக்கு மேல்மாடியில் கிட்டார் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். "இத நேராக்குற காசுக்குப் புது கழுத்தே வாங்கிடலாம், தம்பி" என்றார். அப்பாவுடையது ஜப்பானில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் நகல். அசலை லியோ ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்தார். அதில் கழுத்தை ஒட்டவில்லை, நான்கு திருகாணிகளால் முடுக்கினார். அதனால்தான் இன்றும் கழற்றி மாற்ற முடிகிறது. அடிப்பகுதி 56 மில்லிமீட்டர் அகலம், கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். இவை இரண்டும் பொருந்தினால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

பொருந்துவது வேறு, கைக்குச் சுகமாக இருப்பது வேறு. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மெல்லிய கழுத்துதான் சுகம் என்று நினைத்து, முதல் கட்டையருகே 19 மில்லிமீட்டர் கனமுள்ள ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். அண்ணன் எதுவும் சொல்லாமல் மாட்டிக் கொடுத்தார். இருபது நிமிடம் வாசித்ததும் கட்டைவிரலின் அடியில் வலி. நாளெல்லாம் கணினியில் தட்டும் கை இது. கழுத்து மெல்லியதாக இருந்ததால் உள்ளங்கைக்குப் பிடிமானம் இல்லை. வேலை முழுவதையும் கட்டைவிரல் இடுக்கிபோல் நசுக்கியே செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து நேர் எதிராகப் போனேன். அப்பாவின் கழுத்தையே அளந்து அதே மாதிரி தேடலாம் என்றேன். 23 மில்லிமீட்டர் கனம், ஆனால் மேல்முனையில் வெறும் 40 அகலம். உண்மையைச் சொன்னால், இது கைக்காக இல்லை, மனசுக்காக. அவர் பிடித்ததை நானும் பிடிக்க வேண்டும் என்ற ஆசை. வீட்டில் சொன்னபோது அப்பா, "என் கைக்கு ஏண்டா வாங்குற? அது வேல செய்யாதே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் ஐந்தாறு கிட்டார்களை எடுத்து வைத்தார். பெயரைப் பார்க்காதே, அளவையும் கேட்காதே. கண்ணை மூடி ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் வாசி என்றார். முதல் கட்டையில் ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் கோர்டு கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் வலி அங்கேதான் முதலில் தெரியும். கை எதைக் கேட்டது என்று கண்டுபிடித்த பிறகுதான் அளவுகோலை எடுத்தார்.

என் கைக்கு வந்தது 21 மில்லிமீட்டர் கனம், 43 மில்லிமீட்டர் அகலம். தடித்த விரல் எனக்கு. 40இல் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கிவிடும். பின்புற வடிவத்தை ஆங்கில எழுத்துகளால் சொல்கிறார்கள். யு என்றால் நம் 'ப' போல் தோள் நிமிர்ந்தது. நான் எடுத்தது சி, தோள் சரிந்தது.

விரல் பலகையின் வளைவையும் பார்க்க வேண்டும். அப்பாவுடையது 7.25 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் துண்டு, அதாவது நல்ல உருண்டை. கோர்டு பிடிக்க இதம்தான், ஆனால் மேல் கட்டைகளில் கம்பியை இழுத்துக் கமகம் மாதிரி வளைத்தால் சத்தம் பாதியில் செத்துவிடும். பாட்டின் குழைவை எடுக்க நமக்கு அந்த இழுப்பு வேண்டும். அதனால் 12 அங்குலம் எடுத்தேன். அதற்கேற்ப கம்பிகள் உட்காரும் பாலத்தின் உயரத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இன்னொன்று, நம் ஊர் வியர்வை. பளபளப்பான வார்னிஷ் கையில் ஒட்டும். அண்ணன் நைஸ் உப்புத்தாளால் பின்புறத்தை மட்டும் மங்கலாகத் தேய்த்துக் கொடுத்தார். கழுத்தும் கூலியும் சேர்த்து 620 வெள்ளி. மனைவியிடம் 400 என்று சொல்லியிருக்கிறேன். அவள் இதைப் படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அன்று இரவு அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அவர் மேடையில் வாசித்த ஒரு பழைய பாட்டை வாசித்தேன். அரைமணி நேரம் கை வலிக்கவில்லை. அவர் வலது கையை நீட்டிப் புதுக் கழுத்தின் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"சத்தம் அதேதான். நீதான் தாளத்துல நிக்க மாட்டேங்குற."

பிறகு, "பழைய கழுத்து எங்க?" என்றார்.

ஸ்டோரில் இருக்கிறது என்றேன்.

"அங்க வைக்காத. ஈரம்."