கடை அடைத்த பிறகு வந்த ராத்திரிகள்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. மாலை 6 மணிக்குக் கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு வந்தது. டாஸ்மாக் கடைகளுக்கும் பூட்டு விழுந்தது. மதுரை செல்லூரில் நான் வேலை பார்த்த தெருக்களில் பெண்கள் பலருக்கு அன்று முகம் தெளிந்திருந்தது. "இனி கொஞ்ச நாளைக்கு வீடு வீடா இருக்கும் தம்பி" என்று ஒரு அக்கா சொன்னார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடியும் என்ற நிலையில் இருந்தவர்களை எனக்கு வீடு வீடாகத் தெரியும். நானும் அப்படி இருந்து மீண்டவன்தான்.

என் அடையாள அட்டையில் 'பியர் கவுன்சிலர்' என்று போட்டிருக்கும். குடிநோயிலிருந்து மீண்ட ஒருவன், அதே நோயில் கிடப்பவனோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. இந்த வழிக்கு வயது அதிகம். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இரண்டு பேரும் குடிநோயாளிகள், மணிக்கணக்காகப் பேசியதில்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) பிறந்தது. டாக்டர் கேட்டால் "ரெண்டு கட்டிங்தான் சார்" என்பவர், என்னிடம் அப்படிச் சொல்ல மாட்டார். பாட்டிலை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாரா, பரணில் வைத்திருக்கிறாரா என்று நானே கேட்டுவிடுவேன். பாதி பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள்.

பல வருடம் தினமும் குடித்த உடம்பு சாராயத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கலாம். வைத்தியம் இல்லாவிட்டால் ஆளே போய்விடலாம். "மனசு வச்சா விட்டுறலாம்" என்று சொல்கிற நல்லவர்களுக்கு இது தெரியாது. கடையை மூட உத்தரவு போட்டவர்கள், மூடிய மூன்றாம் நாள் இந்த ஆட்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவரின் மனைவி. நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, அவருக்குப் பேய் புடிச்சிருச்சு, சீக்கிரம் வா" என்றார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போனபோது அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. இரண்டு கை விரல்களும் காற்றில் எதையோ பிடித்து, திரித்து, முறுக்கி, விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தன. ஓயவே இல்லை.

"என்னண்ணே பண்றீங்க?"

"பாவு பிணைக்கிறேன், தெரியல? இழை அறுந்துக்கிட்டே இருக்கு. முதலாளி வந்துருவாரு."

தறி நின்று நாளாகியிருந்தது. கை மட்டும் வேலையை விடவில்லை. இந்தப் பிதற்றலில் சிலர் தங்கள் தொழிலையே செய்துகொண்டிருப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்; நேரில் அன்றுதான் பார்த்தேன். மதினிக்கு அந்த விரல் அசைவு ஒவ்வொன்றும் தெரியும், அவரும் தறிக்காரர் வீட்டுப் பெண்தானே. "சரியாத்தான் பிணைக்கிறாரு தம்பி, நூலுதான் இல்ல" என்றார். நான் அண்ணனிடம் என்ன கிழமை என்று கேட்டேன். தீபாவளி என்றார்.

"மதினி, கடைசியா எப்பக் குடிச்சாரு?"

"செவ்வாக்கிழமை ராத்திரி. ஒளிச்சு வச்சிருந்த குவாட்டரு."

பேய் இல்லை, நோய். ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகும் என்றேன். ஆனால் பெரியாஸ்பத்திரி என்றதும் வீடே பின்வாங்கியது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் இரண்டு நாள் முன்னால், மார்ச் 25 அதிகாலை, அங்கேதான் நடந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கயிற்றை எடுத்து வந்தார், கட்டிப் போட்டால் காலையில் தெளியும் என்று. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கித் தரலாம் என்றார் இன்னொருவர். இரண்டையும் தடுப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தெரிந்த ஆட்டோ ஒன்றில் ஏற்றிக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னல் வந்தால், போலீஸ் மறித்தது. அண்ணன் அவர்களைப் பார்த்து, "நூல் லோடு வந்திருச்சா?" என்று கேட்டார். காவலர் டார்ச் அடித்து அவர் கைகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தடுப்பை நகர்த்திவிட்டார்.

வார்டில் ஊசி போட்டு, வைட்டமின் மருந்து ஏற்றினார்கள். மூன்று நாள் கழித்து அண்ணன் என்னைப் பார்த்து, "நீ எப்படா வந்த?" என்றார்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மீனவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். கேரளத்தில் மருத்துவர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசு உத்தரவிட, மருத்துவர்கள் எதிர்க்க, ஏப்ரல் 2-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அரசின் அந்த உத்தரவு சரியில்லைதான். ஆனால் குடிக்கிறவனின் உடம்பைப் பற்றி அங்கே ஒரு விவாதமாவது நடந்தது.

எங்கள் ஏஏ கூட்டம் நடந்த பள்ளி அறையும் பூட்டிக் கிடந்தது. ஜூம் என்றெல்லாம் சொன்னார்கள்; எங்கள் ஆட்களில் பலரிடம் இருந்தது பட்டன் போன். ஒருவரை அழைத்து, அவர் இன்னொருவரை இணைத்து, ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவோம். குழந்தை அழும், குக்கர் விசில் அடிக்கும். "இன்னைக்கு ஒரு நாள் குடிக்கல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் "சரிண்ணே, நாளைக்கும் கூப்பிடுங்க" என்போம்.

மே 7 அன்று, சென்னை தவிர மற்ற இடங்களில் கடை திறந்தார்கள். அன்று சித்ரா பௌர்ணமி. மற்ற வருடங்களில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரை ராத்திரியெல்லாம் விழித்திருக்கும். அந்த வருடம் திருவிழா இல்லை, வைகைக் கரையில் ஆளில்லை. கூட்டமெல்லாம் டாஸ்மாக் முன்னால், சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றது. அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. மதுரை மண்டலம்தான் முதலிடம் என்று செய்தி வந்தது.

நான் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். யாரையும் தடுக்கிற உரிமை எனக்கு இல்லை. "அண்ணே, ஆறு வாரமா உடம்பு பழக்கத்தை விட்டிருக்கு, பழைய அளவைத் தொடாதீங்க, தாங்காது" என்று மட்டும் தெரிந்தவர்களிடம் சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தறிக்கார அண்ணனும் வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். குடிநோயில் திரும்பக் குடிப்பதும் ஒரு கட்டம். அவரை நான் விட்டுப் போகப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தால் போதும் என்று தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் மாலை சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. இரண்டு நாள் ஊற்றிக்கொடுத்துவிட்டு மறுபடி பூட்டு. கடை திரும்பத் திறந்த மே 16 வரைக்கும் அதே நடுக்கம், அதே வியர்வை, இரண்டாவது சுற்று. இந்த முறை மதினி எனக்குப் போன் செய்யவில்லை. கை நடுங்க ஆரம்பித்த காலையிலேயே அண்ணனை ஓபி சீட்டுப் போட்டுக் கூட்டிப் போய்விட்டார். போகும்போது எதிர்வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிப் போயிருக்கிறார். டாக்டரிடம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று இரண்டு பேருக்கும் அவரே சொன்னாராம்.

கூட்டம் திரும்ப நடக்கத் தொடங்கியபோது, மொட்டை மாடியில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டோம். அண்ணன் வருகிறார். சில மாதம் குடிக்காமல் இருப்பார், பிறகு குடித்துவிடுவார், மறுவாரம் கடைசி நாற்காலியில் வந்து உட்காருவார். "வாங்கண்ணே, டீ சாப்பிடுங்க" என்று யாராவது டம்ளரை நீட்டுவார்கள்.