மாண்ட்கமரியின் 381 நாள்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கமரியில், நகரப் பேருந்தின் முன்வரிசை இருக்கைகள் 1955-இல் வெள்ளையருக்கு மட்டுமே உரியவை. கறுப்பின மக்கள் முன்வாசலில் காசைப் போட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். அதற்குள் வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் அம்மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினார்கள். ஒரு நாளைக்கு என்று தொடங்கிய புறக்கணிப்பு ஓராண்டைத் தாண்டியது.

பேருந்துப் பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அவர்கள்தாம். அதனால் பேருந்து நிறுவனத்தின் வருமானம் படுத்தது. ஆனால் அவர்களும் வேலைக்குப் போயாக வேண்டுமே. வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துணி துவைக்கவும் போன பெண்கள் பல மைல் நடந்தார்கள். சுமார் 300 சொந்தக் கார்கள் முறைவைத்து ஆளேற்றின. அவற்றுக்குப் பெட்ரோல் போடப் பணம் வேண்டியிருந்தது.

பணம் திரட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜியா கில்மோர், உணவகச் சமையற்காரர். காசை வாங்கிக்கொண்டு அவரையும் ஓர் ஓட்டுநர் தெருவில் விட்டுப் போயிருந்தார். அவரும் தோழியரும் கேக்கும் பொரித்த மீனும் செய்து, முடிதிருத்தகங்களிலும் சலவைக் கடைகளிலும் விற்றார்கள். வசூலைப் போராட்டக் கூட்டங்களில் ஒப்படைத்தார்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால் மற்றப் பெண்கள் மறைந்தே உழைத்தார்கள். மேடைப் பேச்சுகளுக்கு வரலாறு தரும் இடத்தில் பாதியையாவது இந்த அடுப்படிக்கும் தர வேண்டும்.

1956 ஜனவரியில் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. மார்ச்சில், புறக்கணிப்புக்காக அவர்மீது நடந்த வழக்கில் கில்மோர் துணிந்து சாட்சி சொன்னார், வேலை பறிபோனது. பிறகு தன் வீட்டிலேயே சமைத்து விற்றார்.

நவம்பர் 13 அன்று, பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் நான்கு பெண்கள். அவர்களில் கிளாடெட் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், எழ மறுத்துக் கைதானவர். தீர்ப்பு உறுதியான அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்ற ஆணை நகருக்கு வந்து சேரும்வரை, ஐந்து வாரத்துக்கும் மேலாக, அந்தக் கார்களும் இல்லை. வெற்றி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பேருந்தில் ஏறாமல் நடந்த இந்த வாரங்கள்தாம் போராட்டத்தின் உச்சம்.

டிசம்பர் 21 அன்று கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறி, விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள். அடுத்த சில நாள்களில் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தையல் வேலையை இழந்திருந்த பார்க்ஸ், ஊரில் பிழைக்க வழியின்றி 1957-இல் கணவரோடும் தாயாரோடும் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்.