பூந்தமல்லியில் பனி கிடைக்குமா?

ஊட்டி, கொடைக்கானல், குலு, மணாலின்னு பனி தேடிப் போறவங்க எக்கச்சக்கம். நாம கொஞ்சம் வித்தியாசமா பூந்தமல்லிக்குப் போவோம். சிரிக்காதீங்க பாஸ், மேட்டர் இருக்கு!

மே மாசம் 40 டிகிரியை அசால்ட்டா தொடற ஊர் இது. மார்கழி ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே டீக்கடை வாசல்ல மங்கி கேப் முளைச்சிடும். பூவிருந்தவல்லிங்கற பேர்தான் மருவி பூந்தமல்லி ஆச்சு. இந்த ஊர்ல பிறந்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சிபுரம் வரதராஜருக்கு ஆலவட்டம் வீசின பக்தர். வேள்வித் தீயில தோன்றிய பெருமாளுக்குப் புழுங்குமேன்னு விசிறினார்னு கதை சொல்வாங்க. அதாவது, கூலிங் டிபார்ட்மென்ட்டுக்கும் இந்த ஊருக்கும் ஆயிரம் வருஷ பந்தம்!

இப்ப மேட்டருக்கு வருவோம். உலகம் முழுக்க இருக்கற காலேஜ் பசங்களுக்குன்னே ஒரு 'குட்டி ஒலிம்பிக்' உண்டு. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. பழைய பேர் யுனிவர்சியேட். கோடைக்கால போட்டி 1959-ல் இத்தாலியின் டுரின் நகரத்துல ஆரம்பிச்சது. குளிர்காலப் போட்டி அடுத்த வருஷமே, 1960-ல் பிரான்ஸின் சமோனியில். இப்ப ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது. 2025 ஜனவரி 13 முதல் 23 வரை குளிர்காலப் போட்டி டுரினுக்கே திரும்பி வந்தது. மொத்தம் 11 விளையாட்டுகள். வயசு உச்சவரம்பு 25. படிக்கறவங்களும், படிச்சு முடிச்சு ஒரு வருஷம் ஆகாதவங்களும் மட்டும்தான் கலந்துக்கலாம். இன்னொரு அழகான விஷயம்... தங்கம் ஜெயிச்சா தேசிய கீதம் கிடையாது. 'காடியாமஸ்'ங்கற பழைய மாணவர் பாட்டுதான் எல்லா நாட்டுக்கும் பொது!

இந்த 11-ல எதையாவது பூந்தமல்லியில நடத்த முடியுமா? இந்தக் கேள்வியோட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுத்தினோம். துணைக்கு என் கிளாஸ்மேட். மாங்காடு பக்கத்துப் பையன். பத்தாவது வரைக்கும் ரோலர் ஸ்கேட்டிங்ல மாவட்ட லெவல்ல கலக்கினவன். இப்ப அவன் ஷூ பரண்ல தூங்குது. அந்தக் கதை அப்புறம்.

தூண்களுக்கு நடுவுல ஸ்லாலம்

பனிமலை உச்சியிலேர்ந்து சறுக்கி வரணும். வழியில நட்டிருக்கற கம்பங்களை இடமும் வலமுமா வளைஞ்சு கடக்கணும். ஒரு கம்பத்தை விட்டாலும் அவுட். இதுதான் ஸ்லாலம். குமணன்சாவடி பக்கம் வந்து நின்னு பாருங்க. மெட்ரோவுக்காக வரிசையா தூண்கள். 2025-ல் பூந்தமல்லியிலேர்ந்து டிரைவர் இல்லாத ரயிலோட சோதனை ஓட்டம் நடந்ததே, அந்தப் பாதைதான். கீழே ஷேர் ஆட்டோ அண்ணன்கள் லெஃப்ட்ல நுழைஞ்சு ரைட்ல வெளியே வர்ற அழகுக்கே மெடல் தரலாம்!

ஆனா ஆண்கள் ஸ்லாலமுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஏறக்குறைய 200 மீட்டர் இறக்கம் வேணும். நம்ம ஊர்ல இருக்கற ஒரே மலை மேம்பாலம்தான். ஸோ, இது கேன்சல்.

மூச்சைப் பிடி, குறியை அடி

அடுத்தது பயத்லான். முதுகுல குறைஞ்சது மூணரை கிலோ துப்பாக்கி. பனியில கிலோமீட்டர் கணக்குல சறுக்கி ஓடிட்டு, நெஞ்சு 'தடதட'ன்னு அடிக்கறப்பவே நின்னு சுடணும். இலக்கு 50 மீட்டர் தள்ளி. படுத்துச் சுட்டா 45 மில்லிமீட்டர் வட்டம். நின்னு சுட்டா 115 மில்லிமீட்டர். சில பந்தயங்கள்ல ஒரு குண்டு தப்பினா 150 மீட்டர் கூடுதல் ரவுண்டு!

"இதுல என்ன மச்சி... காலையில எட்டு மணிக்கு ஆவடி பஸ்ஸைத் துரத்திப் பிடிச்சு, ஃபுட்போர்டுல தொங்கிக்கிட்டே கண்டக்டருக்கு சரியான சில்லறை எண்ணிக் குடுக்கறவன் எல்லாம் பயத்லான் சாம்பியன்தான்" என்றான் நண்பன். ஓடறதுல பாதி, ஓடின உடம்பை அடக்கறதுல பாதி. அதுதான் அந்த விளையாட்டோட சூட்சுமமே.

வாசல் தெளிக்கிற விளையாட்டு

கர்லிங்! இதைப் பார்த்தா நம்ம பாட்டிங்க சிரிப்பாங்க. கிட்டத்தட்ட 20 கிலோ வரைக்கும் இருக்கற கிரானைட் கல்லை ஐஸ்ல தள்ளி விடறாங்க. ஒலிம்பிக் கற்கள் ஸ்காட்லாந்து பக்கத்துல இருக்கற அய்ல்ஸா கிரெய்க்ங்கற குட்டித் தீவோட கிரானைட். கல் போற பாதைக்கு முன்னாடி ரெண்டு பேர் துடைப்பம் மாதிரி பிரஷ்ஷை வெச்சு வெறித்தனமா தேய்ச்சுக்கிட்டே ஓடறாங்க. தேய்க்கற சூட்டுல ஐஸோட மேல்பரப்பு லேசா இளகி, கல் இன்னும் தூரம் போகும். வளையறதும் குறையும்.

ஆட்டத்துக்கு முன்னாடி ஐஸ் மேல தண்ணியைத் துளித்துளியா தெளிப்பாங்க. அது உறைஞ்சு பொடிப் பொடியா மேடாகும். கல் அந்த மேடுகள் மேலதான் வழுக்கிப் போகும். வழவழன்னு சமமா இருக்கற ஐஸ்ல கல் சீக்கிரமே நின்னுடும். பெருக்கறது, தண்ணி தெளிக்கறது, வட்டத்துக்கு நடுவுல குறி வைக்கறது... வரதராஜ பெருமாள் கோயில் பக்கத்துத் தெருக்கள்ல காலையில நடந்தா வாசலுக்கு வாசல் இந்தப் பிராக்டீஸ்தான். கோலம் போட்டா டார்கெட்டும் ரெடி!

சரி, ஐஸ் எங்கே?

மீன் கடையில இருக்கு. தெர்மாகோல் பெட்டிக்குள்ள உடைச்ச ஐஸ் கட்டி. பெங்களூர் ஹைவேயில போற குளிர்சாதன லாரிகள்லயும் குளிர் இருக்கு. சென்னைக்கு ஐஸ் ஒண்ணும் புதுசு இல்ல. ஃப்ரெடரிக் டியூடர்ங்கற அமெரிக்க வியாபாரி, பாஸ்டன் பக்கத்து ஏரிகள்ல உறைஞ்ச ஐஸை அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல அனுப்பினார். அதை வைக்கறதுக்கு 1842-ல் மெரினா பக்கத்துல கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். இன்னிக்கு அது விவேகானந்தர் இல்லம். ஐஸ் தயாரிக்கற மெஷின் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு.

ஸ்கேட்டிங் தளமும் அதே மெஷினோட பெரிய அண்ணன்தான். தரைக்கு அடியில பைப்புகள். அதுல உறையாத குளிர்ந்த திரவம் ஓடும். மேல தண்ணியை அடுக்கு அடுக்கா தெளிச்சு, சில சென்டிமீட்டர் கனத்துக்கு உறைய வைப்பாங்க. நாம தெர்மோ பேப்பர்ல வரைஞ்சு தள்ளற வேப்பர் கம்ப்ரெஷன் சைக்கிளேதான்! 'பிளேடோட அழுத்தத்துல ஐஸ் உருகுது, அதனாலதான் வழுக்குது'ன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அது முழு உண்மை இல்லை. உருகுநிலை ஒரு டிகிரி குறையவே சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேணும். ஐஸோட மேற்பரப்பு மூலக்கூறுகள் இயல்பாவே இறுக்கமில்லாம நகரக்கூடியவை, உராய்வுச் சூடும் சேர்ந்துக்குதுங்கறதுதான் இப்ப சொல்ற விளக்கம்.

முன்னாடி போற குரல்

பூந்தமல்லிக்கு இன்னொரு பெருமை உண்டு. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், பிரெயில் அச்சகமும் இருக்கற ஊர். அந்தப் பக்கம் போனப்பதான் டுரின் பத்தின இன்னொரு தகவல் ஞாபகம் வந்தது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பனிச்சறுக்கு பந்தயங்களை முதல் முறையா சேர்த்தது 2025 போட்டியிலதான்.

பார்வையற்றவங்க எப்படி பனிமலையில இறங்குவாங்க? முன்னாடி ஒரு வழிகாட்டி சறுக்கிக்கிட்டே போவார். 'இடது... வலது... இப்ப வளை'ன்னு குரல் குடுப்பார். அந்தக் குரலை மட்டும் நம்பி பின்னால வர்றவங்க வேகம், டவுன்ஹில் பந்தயத்துல மணிக்கு 100 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் கை வெச்சு ரோடு கிராஸ் பண்ற அந்தப் பள்ளிப் பசங்களைப் பார்த்தவங்களுக்கு, இந்த நம்பிக்கை எவ்ளோ பெரிசுன்னு புரியும்.

சக்கரத்துலேர்ந்து பிளேடுக்கு

இப்ப சீரியஸ் மேட்டர். டுரின் லிஸ்ட்டுல நமக்கு நிஜமாவே சான்ஸ் இருக்கற விளையாட்டு ஷார்ட் டிராக் ஸ்பீடு ஸ்கேட்டிங். ஒரு சுற்று 111.12 மீட்டர். 500 மீட்டர்னா நாலரை சுற்று. முட்டி மோதாம முந்தணும். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல வளர்ந்தவனுக்கு இது சொல்லித் தரணுமா என்ன!

விளையாட்டா சொல்லலை. நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பர்ல சீனாவுல நடந்த ரோலர் ஸ்பீடு ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்ல 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில முடிச்சு தங்கம் ஜெயிச்சார். சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். டிரங்க் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த பஸ்ஸும் அந்த வேகம் போகாது! அதுக்கு முன்னாடி 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 3,000 மீட்டர் ரிலேயில அவர் இருந்த ஆண்கள் அணியும், சென்னைப் பொண்ணு ஆரத்தி கஸ்தூரிராஜ் இருந்த பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கினாங்க.

அது சக்கரம், இது ஐஸ்தானேங்கறீங்களா? அமெரிக்காவோட எரின் ஜாக்சனைப் பாருங்க. வெயில் கொளுத்தற ஃபுளோரிடாவுல சக்கர ஸ்கேட்டிங் ஆடினவர். மெட்டீரியல்ஸ் இன்ஜினீயரிங் பட்டதாரி வேற. ஐஸ்ல பயிற்சி ஆரம்பிச்ச சில மாசத்துல 2018 ஒலிம்பிக் டீமுக்குத் தேர்வானார். 2022 பெய்ஜிங்ல 500 மீட்டர் தங்கம்! நம்ம ஊர்லயும் அந்தத் தாவல் ஆரம்பிச்சாச்சு. டுரின்ல போட்டி நடந்த அதே 2025 ஜனவரியில, லடாக்கின் லே நகரத்துல கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு. அங்கே ஐஸ் ஸ்கேட்டிங்ல தமிழ்நாடு தங்கம் அள்ளிட்டு வந்தது.

அப்ப என்னதான் குறை? தளம். டேராடூன்ல 2011-ல் தெற்காசிய குளிர்காலப் போட்டிக்காக ஒரு பெரிய ஐஸ் தளம் கட்டினாங்க. பல வருஷம் மூடிக் கிடந்தது. 2025-ல் திறந்து, ஆகஸ்ட்ல ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் போட்டியே நடத்தினாங்க. ஆனா பூந்தமல்லிப் பையன் தினமும் காலையில டேராடூன் போய் பிராக்டீஸ் பண்ண முடியாதே!

தளத்தை விடப் பெரிய குறை ஒண்ணு இருக்கு. "நான் நிறுத்தினதுக்குக் காரணம் ஐஸ் இல்லைடா... 'டென்த் வந்தாச்சு, போதும்'னாங்க. அப்புறம் 'பிளஸ் டூ வந்தாச்சு, போதும்'. காலேஜ்ல யாரும் கேட்கவே இல்லை" என்றான் நண்பன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவனுக்கு 20. உச்சவரம்பு 25. நடுவுல ரெண்டு, மூணு போட்டிதான் வரும். "எனக்கு லேட்தான்" என்றான். சட்டுனு அவனே, "ஆனா எங்க தெருவுல ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு இருக்கா. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல சும்மா பறக்கறா. அவளுக்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்கு" என்றான்.

உங்க தெருவுலயும் அப்படி ஒரு வாண்டு இருக்கும் மக்களே. அதோட அப்பா, அம்மா 'டென்த் வந்தாச்சு'ன்னு சொல்ற அன்னிக்கு நீங்க அந்த வீட்டுல ஒரு காபி குடிச்சுக்கிட்டே, காலேஜ் பசங்களுக்குன்னே ஒரு உலகப் போட்டி இருக்குன்னு சொல்லுங்க. அப்படியே அந்த வாண்டோட வீல் பேரிங்குக்கு ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டுட்டு வாங்க!