70 வளைவு ஏறிய கணினி

காரவள்ளியில் தொடங்கினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முழுதாகப் பூட்டிய கணினியைப் பேருந்தில் வைத்து இந்த வழியில் ஏற்றினால், கிராபிக்ஸ் கார்டு தன் எடையாலேயே ஆடி ஆடி ஸ்லாட்டை நெரித்துவிடக்கூடும். அதனால்தான் வளப்பூர் நாட்டு மாணவர், “பூட்டியே தந்துடட்டுமா?” என்று கடைக்காரர் கேட்டபோது வேண்டாம் என்றாராம். எல்லாமே அதனதன் பெட்டியோடு மலைக்கு வந்தன. பூட்டும் நாளன்று நானும் போயிருந்தேன்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையில், ஓட்டு வீடு. முற்றத்துத் தார்ப்பாயில் மிளகு காய்கிறது. உள்ளே கட்டில் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவற்றைப் பிரிப்பதற்கு முன் அவர் ஒரு துண்டுச்சீட்டைக் காட்டினார். இதற்கு முன் வேறொரு கடையில் எழுதிக் கொடுத்தது: கோர் ஐ7-12700எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு எரியும் கேபினட், பெயரே கேள்விப்படாத எஸ்எம்பிஎஸ்.

நம் ஊரில் கணினி என்றதும் முதல் கேள்வி “ஐ5-ஆ, ஐ7-ஆ?” என்பதுதான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்கிறவருக்குத் தக்கபடி எழுதித் தருகிறார். ஆனால் 12 கோர் பிராசஸரோடு 2019-இல் வந்த 4 ஜிபி கார்டைச் சேர்ப்பது டிராக்டர் இன்ஜினில் சைக்கிள் செயினை மாட்டுகிற வேலை. எந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார் என்று பிராசஸர் கணக்குப் போட்டு முடித்துவிடும். அதைத் திரையில் வரைய வேண்டிய கார்டு மூச்சு வாங்கும்.

“நீங்க என்ன ஆடப் போறீங்க?” என்று கேட்டேன்.

“வேலரன்ட் ஆடத்தான் ஆசைங்கண்ணா. மழை புடிச்சா இங்க நெட்டு நிக்காது. அதனால ரெட் டெட், சைபர்பங்க்னு தனியா ஆடற கேம்தான்.”

பாதி முடிவு இந்தப் பதிலிலேயே இருக்கிறது. வேலரன்ட் மாதிரியான போட்டி விளையாட்டுகள் கார்டை அவ்வளவு வாட்டுவதில்லை. நொடிக்கு இருநூறு, முந்நூறு பிரேம் வேண்டும் என்பவர்களுக்கு அங்கே பிராசஸர்தான் முக்கியம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077 போன்றவற்றில் காடும் நகரமும் ஒளியும் நிழலும்தான் விளையாட்டு, பெருஞ்சுமை கார்டின் தலையில். இணையம் விளையாட்டைத் தீர்மானிக்கிறது; விளையாட்டு மானிட்டரை, மானிட்டர் கார்டை, கார்டு மற்றதையெல்லாம். சீட்டைப் பிராசஸரில் தொடங்கி எழுதுவது தலைகீழ்.

அவர் முதலில் வாங்கியது மானிட்டரைத்தான். 24 அங்குலம், 1920×1080, 100 ஹெர்ட்ஸ். அதற்கு ஆர்டிஎக்ஸ் 4060 சரியான ஜோடி. 4கே திரை வாங்கியிருந்தால் இந்தக் கார்டு திணறும். மற்ற பாகங்களுக்குச் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவையும் நரசிங்கபுரம் தெருவையும் சுற்றியிருக்கிறார். வானொலி உதிரிபாகக் கடைகளாகத் தொடங்கிய அந்தச் சந்துகளில் ஒரே பொருளுக்கு நாலு கடையில் நாலு விலை. ஐ5-12400எஃப், பி660 போர்டு, 1 டிபி எஸ்எஸ்டி கிடைத்தன. ரேம் 32 ஜிபி வாங்க நினைத்திருந்தார். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்பை வாரி எடுத்ததில் விலை எகிற, 16 ஜிபியோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒரே 16 ஜிபி குச்சி அல்ல, இரண்டு 8 ஜிபி. இரண்டு பாதையில் தரவு போய்வரும் என்பதால் விளையாட்டில் வித்தியாசம் தெரியும்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாத இடம் கார்டு. புதிய 5060-ஐ எடுத்திருக்கலாமே என்றேன். அவர் கட்டிலுக்கடியில் இருந்த யுபிஎஸ்ஸைக் காட்டினார். 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் உண்மையில் 360 வாட்தான் தாங்கும். நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்: பிராசஸர் உச்சத்தில் 117 வாட், 4060-க்கு 115, போர்டும் விசிறியும் மற்றதும் சுமார் 50, மானிட்டர் 25. கூட்டினால் 307. 5060 என்றால் 145 வாட், மொத்தம் 337. “பேட்டரி பழசுங்கண்ணா” என்றார். ஆடும்போது பிராசஸர் அவ்வளவு இழுக்காது, 5060-உம் தாங்கும் என்பது என் கட்சி. ஆனால் ஆடி மாதக் காற்றில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தப் பழைய சீட்டின் ஐ7-க்கு உச்சம் 180 வாட்.

பூட்டுவது எளிது. போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, முக்கோணக் குறி பார்த்துப் பிராசஸரை இறக்கி, ரேமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் அழுத்தினார். மானிட்டர் கேபிளைக் கவனமாகக் கார்டில் செருகினார். எஃப் என்று முடியும் பிராசஸரில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் செருகினால் கருந்திரைதான். படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்எம்பி-யை இயக்கினோம். இதை விட்டுவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் அதற்குக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ரெட் டெட் 150 ஜிபி இடம் கேட்கும். நொடிக்கு 10 மெகாபிட் இணையத்தில் அவ்வளவையும் இறக்க 33 மணி நேரத்துக்கு மேல், அதுவும் இடையில் அறுபடாமல் இருந்தால். விடுதி நண்பரின் கணினியிலிருந்து ஹார்டு டிஸ்கில் எடுத்துவந்திருந்தார்.

ஓடவிட்டுத் திரை மூலையில் எண்களைப் பார்த்தோம். கார்டு 95 சதவீதத்துக்கு மேல், பிராசஸர் பாதியைச் சற்றே தாண்டி. தெளிவுத்திறனைக் குறைத்ததும் பிரேம் சட்டென ஏறியது, பிராசஸரிடம் இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். குறைத்தும் பிரேம் நகராமல் நின்றிருந்தால் பிராசஸர்தான் தடை. ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளுவதும் அவ்வளவு குறையும். மலைக்குளிர் அதை ஈடுகட்டியது. பிராசஸர் பெட்டியோடு வந்த சாதாரண கூலரே போதுமாக இருந்தது.

ஆட்டம் ஓடும்போதே யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது அலை படிக்கட்டு போல வெட்டுப்பட்டு வரும், சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். இவருடையது 550 வாட். டக்கென்று ஒலி, பீப், ஆட்டம் நிற்கவில்லை. சேமித்து அணைக்க நேரம் இருந்தது.

அப்போது அவர் அப்பா கேபினட்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். “தம்பி, லேசா ஜிவ்வுங்குது.”

மூன்று துளை சாக்கெட் இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் உலோகப் பெட்டியில் நின்றுவிடும். அளவு சிறிதுதான். ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் ஃபியூஸைப் போக்கவைக்கும் வழியே இல்லாமல் போகும், இடிக்காலத்தில் இன்னும் மோசம். உடனே அணைக்கச் சொன்னேன். அப்பா கொல்லைப்புறத்தில் குழி தோண்ட இடம் பார்க்கப் போனார். மகன் நோட்டை எடுத்து, மீதி 16 ஜிபி ரேமுக்கு என்று எழுதியிருந்த தொகையை அடித்துவிட்டு எர்த் குழாய், உப்பு, கரி, செம்புக் கம்பி, வயர்மேன் கூலி என்று எழுதத் தொடங்கினார்.